உல்கெர் என்னும் பெயர்

மன்னர் பொறித்த கல்வெட்டுக்களையும் புலவர் யாத்த நூல்களையும் துணையாகக் கொண்டு ஓர் இனத்தாரின் வரலாற்றை எழுதுதல் நெடுநாளைய வழக்கம். அவ்வினத்துப் பெற்றோர் தம் மக்கட்கு இட்டழைத்த பெயர்களும் அவற்றிற்கு ஒப்பான சான்றுகளே. கல்வெட்டைப் பொறிப்பித்தவன் ஒருவன், பெயரிட்டவரோ எண்ணிறந்தோர். முன்னோரை நினைந்தும், சமயத்தைப் போற்றியும், அயலாரின் நாகரிகத்தை விழைந்தும், சிற்சில காலங்களில் அரசாணைக்கு அஞ்சியும் அவர் பெயரிட்டனர். ஆதலின் ஒரு பெயர் வந்த வழியைத் தேடிச் செல்வோர் அவ்வினத்தின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதியைக் கடந்து செல்வர். துருக்கிய மகளிர்க்கு இன்று வழங்கும் உல்கெர் என்னும் பெயரை ஈண்டு அவ்வாறு ஆராயப் புகுகின்றோம்.

உல்கெர் என்பது ஒரு மீன்கூட்டத்தின் பெயர். இடப இராசியிலே, உரோகிணிக்கு மேற்கே, சிறு கொத்தாகத் தோன்றும் அதனை நாம் கார்த்திகை என்போம். பழந்தமிழர் அதனை அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்கினர். துருக்கிய மொழியில் இச்சொல்லின் முதலுயிர், இதழைக் குவித்து இகரத்தை ஒலித்தாற் பிறப்பது; தமிழ் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தின்மையின் உகரமாக எழுதுகின்றோம். துருக்கியரிடையே இம்மீன்கூட்டத்தினின்றும் பிறந்த மகளிர் பெயர் உல்கெர் ஒன்று மட்டுமன்று. பெர்வின் என்பதும் அதுவே. சுரெய்யா என்பதும் அதுவே. முதலாவது துருக்கியச் சொல், அடுத்தது பாரசீகம், மற்றது அரபு. ஒரே ஊரில், ஒரே பள்ளியின் பெயரேட்டில், மூன்று சிறுமியர் இம்மூன்று பெயர்களையும் தாங்கியிருத்தல் இயல்பு. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் வந்தது எங்ஙனம்? அவற்றுள் வீட்டுச் சொல்லாகிய உல்கெர் கடைசியில் மதிப்புப் பெற்றது ஏன்? இவையே நம் வினாக்கள்.

உல்கெர் என்னும் சொல்லுக்குக் கிடைத்துள்ள பழஞ்சான்றுகளுள் தலையாயது மஹ்மூத் அல்-காஷ்கரி என்பார் இயற்றிய துருக்கியச் சொற்றொகுதியாகும். 1071ஆம் ஆண்டில் மன்சிக்கேர்ட் போரிலே பைசாந்தியப் பேரரசனைச் சிறைப்படுத்திய செல்யூக்கியத் துருக்கியர் மேற்காசியாவில் மேலோங்கி நின்ற காலம் அது. புதிய ஆட்சியாளரின் மொழியை அரபு மொழியாளர் கற்றல் வேண்டும் என்னும் நோக்குடன், 1072ஆம் ஆண்டில் பக்தாதிலே காஷ்கரி தம் நூலைத் தொடங்கினார். அதனை அப்பாஸியக் கலீபாவாகிய அல்-முக்ததிக்கு உரிமையாக்கினார். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை அரபு மொழியில் விளக்கும் அந்நூலில் உல்கெர் என்னும் சொல் இரு பொருளில் வருகின்றது. ஒன்று மீன்கூட்டம். மற்றது போர் முறை. படையை ஒரே திரளாக நிறுத்தாது, சிறு சிறு கொத்துக்களாகப் பல பக்கங்களிலும் பிரித்து நிறுத்தி, ஒரு கொத்து முன்னேறும்போது ஏனையவை அதனைத் தொடர்ந்து பாயும் சூழ்ச்சிக்கு உல்கெர்ப் படை என்று பெயர். இம்முறையைக் கையாண்டோர் தோற்பது அரிது என்று காஷ்கரி கூறுகின்றார். மென்மையான மகளிர் பெயராக இன்று நாம் கேட்கும் சொல், குதிரைப்படைத் தலைவரின் வாயிலும் வழங்கியதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வானத்தைக் கண்ட கண்ணும் குதிரை மேய்த்த கையும் ஒரே மக்களுடையவை என்பதற்கு அந்நூலிலேயே வேறு சான்றும் உண்டு. துருவ மீனுக்குக் காஷ்கரி தரும் துருக்கியப் பெயர் 'இரும்பு முளை' எனப் பொருள்படுவது. குதிரையை முளையிற் கட்டினால் அது கயிற்றின் நீளத்துக்கு வட்டமிட்டு மேயும். அவ்வாறே ஏனைய மீன்களெல்லாம் அசையாத அவ்வொரு முளையைச் சுற்றி வருவதாகப் புல்வெளி மக்கள் கண்டனர். கசாக்கியர் அப்பெயரை இன்றும் அவ்வண்ணமே வழங்குகின்றனர்.

இத்துணைச் சிறந்த நூலின் கையெழுத்துப்படி உலகில் ஒன்றே எஞ்சிற்று. 1266ஆம் ஆண்டிற் படியெடுக்கப்பட்ட அவ்வேடு பல நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்து, முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இஸ்தான்புல்லின் பழம்புத்தகக் கடையொன்றில் விலைக்கு வந்தது. நூல் திரட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட அலி எமீரி என்பார் அதனை முப்பத்து மூன்று இலிராவுக்கு வாங்கினார் என்பர். 1915 முதல் 1917 வரை அது மூன்று தொகுதிகளாக அச்சேறிற்று. ஏடு தேடி அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு அலி எமீரியின் மகிழ்ச்சி எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர் வாங்காதிருந்தால், பழந்துருக்கியச் சொற்கள் பலவற்றைப் பற்றி இன்று நாம் ஊகமே செய்துகொண்டிருப்போம்.

இனி, உல்கெர் என்னுஞ் சொல் துருக்கி நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அதன் உடன்பிறப்புக்கள் யூரேசியாவின் பெரும் பரப்பில் விரவிக் கிடக்கின்றன. கசாக்கியர் உர்கெர் என்பர். கிர்கீசியர் உர்கோர் என்பர். உஸ்பெக்கியர் ஹுல்கார் என்பர். சைபீரியாவின் உறைபனி நிலத்தில் வாழும் யாக்குத்தியர் உர்கெல் என்பர். லகரமும் ரகரமும் ஒன்றற்கொன்று இடங்கொடுத்து நிற்றலை இவ்வடிவங்களிற் காணலாம். அசர்பைஜானில் உல்கெர் என்பதும், உஸ்பெக்கிஸ்தானில் ஹுல்கார் என்பதும் பெண்மக்கட்குப் பெருவழக்கான பெயர்கள். மத்தியதரைக் கடலோரத்தினின்றும் சைபீரியா வரை பரந்து வாழும் இம்மக்கள் தம்முட் பிரியுமுன்னரே இச்சொல்லை உடையராயிருந்தனர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

அவர் இச்சிறு மீன்கூட்டத்தை இவ்வளவு போற்றியதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. அது அவர்களுடைய நாட்காட்டி. ஆண்டுதோறும் வசந்தத்தின் பிற்பகுதியில் இம்மீன்கள் கதிரவனின் ஒளியில் மறைந்து, ஏறக்குறைய நாற்பது நாள் கழிந்தபின் விடியற்காலையிற் கீழ்வானில் மீண்டும் எழும். எழுத்தறியாத ஆயனும் இதனைக் காண்பான். எந்நாளில் மந்தையை மலைமேல் ஓட்டுவது, எந்நாளில் இறக்குவது என்பவற்றை அவன் இதனைக் கொண்டே துணிந்தான்.

இதனினும் நுட்பமானது கசாக்கியரும் கிர்கீசியரும் கையாண்ட திங்கட் கணக்கு. சந்திரன் ஒரு விண்மீனை விட்டு நீங்கி மீண்டும் அதனை அடைதற்கு ஏறத்தாழ இருபத்தேழே கால் நாள் செல்லும். அமாவாசையினின்றும் அடுத்த அமாவாசைக்கோ இருபத்தொன்பதரை நாள் செல்லும். இரண்டற்கும் உள்ள வேற்றுமை இரண்டு நாளும் சிறிது பொழுதும். ஆகவே ஒரு மாதத்திற் பதினைந்தாம் நாள் மதி, அதாவது பூரணை, கார்த்திகையோடு சேருமாயின், அடுத்த மாதத்தில் அச்சேர்க்கை பதின்மூன்றாம் நாளிலும், அதன்பின் பதினோராம் நாளிலும், பின்னர் ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்னும் நாள்களிலும் நிகழும். மாதந்தோறும் மதி மெலிந்துகொண்டே வந்து மீன்கூட்டத்தைச் சந்திக்கும். இறுதியில் மேல்வானிலே மெல்லிய பிறை அதனைத் தொட்டு நிற்குமாயின் குளிர் கழிந்தது, வசந்தம் வந்தது என்று அறிந்துகொள்வர். கருவி ஒன்றுமின்றி, கணித நூல் ஒன்றுமின்றி, திங்களாண்டையும் கதிரவனாண்டையும் இணைத்துக்கொள்ளும் வழி இது. இதன் அடிச்சுவடு இன்னும் அழியவில்லை. ஒன்றின் மாதம், மூன்றின் மாதம், ஐந்தின் மாதம், ஏழின் மாதம், ஒன்பதின் மாதம் என்னும் பெயர்கள் கிர்கீசிய நாட்காட்டியில் இலையுதிர் காலத்து மாதங்கட்கும் குளிர்கால மாதங்கட்கும் பெயராக இன்றும் நிற்கின்றன.

நமது கார்த்திகை விளக்கீடும் பூரணை மதி இம்மீன்கூட்டத்தோடு சேரும் நாளையே பற்றி நிற்பது. கிர்கீசிய ஆயன் பதினைந்து என்று கணக்கைத் தொடங்கும் இராத்திரியும் நம் இல்லங்களில் விளக்கேற்றும் இராத்திரியும் வானத்தில் ஒன்றே. இதனைக் கொண்டு ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர் என்று முடிவுகட்டுதல் அடாது. வானம் பொது, கண்ணும் பொது.

யாக்குத்தியர் இம்மீன்கூட்டத்தை வானத்திலுள்ள துளையாகக் கருதினர். அத்துளையின் வழியே குளிர்காற்று வீசுகின்றதென்றும், வீரனொருவன் ஓநாய்த் தோலாற் கையுறை தைத்து அதனை அடைக்க முயன்றானென்றும் அவர்தம் கதை கூறும். கசாக்கியர் கதை இன்னும் சுவையுடையது. எழுமீனை அவர் 'ஏழு கள்வர்' என்பர். அக்கள்வர் உர்கெரின் மகளைக் கவர்ந்து சென்றனராம். எழுமீனின் வாற்புறத்து நடுமீனை ஒட்டி மங்கலாகத் தோன்றும் சிறுமீனே அம்மகள். தந்தையாகிய உர்கெர் அவளை மீட்பான் வேண்டி இரவுதோறும் கள்வரைத் துரத்துகின்றான். இன்னும் எட்டிப் பிடித்தானில்லை.

அச்சிறுமீன் எது என்று நம் வாசகர்க்குக் கூறவேண்டுமோ? திருமணத்திலே மணமகட்குக் காட்டும் அருந்ததியே அது. நம் புராண மரபில் எழுமுனிவரின் பத்தினியருள் அறுவர் கணவராற் கைவிடப்பட்டுக் கார்த்திகைப் பெண்டிராயினர். அருந்ததி ஒருத்தியே வசிட்டரைப் பிரியாது நின்றாள். கசாக்கியர் கதையிற் கார்த்திகையினின்றும் ஒருத்தி எழுமீனுக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். பாரதம் கூறும் கதையில் எழுமீனிடத்தினின்றும் அறுவர் கார்த்திகைக்கு வந்தனர். ஏழென்று எண்ணப்படும் கூட்டத்திற் கண்ணுக்கு ஆறே தெரிவதையும், எழுமீனோடு எட்டாவதாக ஒன்று ஒட்டி நிற்பதையும் இரு மரபினரும் ஒருங்கே வைத்து நோக்கி, உறவுக் கதையாற் பிணைத்தனர். ஒருவர் அதனைக் கற்பின் கதையாக்கினர். மற்றவர் கொள்ளையின் கதையாக்கினர். எந்நிலத்தார் எதற்கு அஞ்சினர் என்பதும் இதனாற் புலப்படும்.

புல்வெளியை விட்டு மேற்கு நோக்கி வந்த துருக்கியர் இசுலாத்தைத் தழுவினர். சமயத்தோடு அரபு மொழி வந்தது. அரசியலோடும் இலக்கியத்தோடும் பாரசீகம் வந்தது. அரபியர் கார்த்திகையை அத்-துரையா என்றனர். செழுமை, மிகுதி என்னும் பொருளுடைய வேரினின்றும் பிறந்த குறுமைச் சொல் அது, 'செழுங்கொத்து' எனலாம். மீன் என்று வாளா கூறினாலும் அவர்க்கு இதனையே குறிக்கும் அளவுக்கு அது சிறப்புற்றது. பல திரிகளை உடைய தொங்குவிளக்குக்கும் அவர் அப்பெயரையே இட்டனர். துருக்கியர் நாவில் அது சுரெய்யா ஆயிற்று. பாரசீகத்தின் பர்வீன் பெர்வின் ஆயிற்று.

உதுமானியப் பேரரசின் காலத்தில் அரண்மனையிலும் நகரங்களிலும் வாழ்ந்தோர் தம் மக்கட்குப் பெரும்பாலும் அரபு, பாரசீகப் பெயர்களையே இட்டனர். வானத்தை அவர் மறந்தாரல்லர். சுல்தான் சுலைமானின் மகளாகிய மிஹ்ரிமா (1522–1578) என்பாளின் பெயர் 'கதிரும் மதியும்' எனப் பொருள்படும். 1651இற் கொலையுண்ட புகழ்பெற்ற அரசமாதா கொசெமின் மற்றொரு பெயராகிய மஹ்பெய்கெர் 'மதிமுகத்தாள்' எனப் பொருள்படும். இரண்டும் பாரசீகம். துருக்கி மொழியில் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் மீனுக்கும் பெயர் இல்லையோ எனின், உண்டு. ஆனால் அவை சிற்றூரார் பேச்சு. 'துர்க்' என்னும் இனப்பெயரே உயர்குடியினரிடையே நாகரிகமற்ற நாட்டுப்புறத்தானைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக வழங்கிய காலம் அது. தம் மொழியிற் பெயரிடக் கூசிய மக்கள் துருக்கியர் மட்டுமல்லர் என்பதை இடைப்பிறவரலாகக் கூறிவைப்போம். அறுமீன் என்ற பெயரைத் தம் பிள்ளைக்கு இட்ட தமிழரை யாம் கண்டதில்லை; கார்த்திகேயர்களோ தெருத்தோறும் உளர்.

மதிப்பிழந்த சொல் மடிந்துபோயிற்றா? இல்லை. அனத்தோலியாவின் உழவரும் ஆயரும் உல்கெரை விடாது பற்றி நின்றனர். அவர்தம் நாட்காட்டி ஆண்டை இரு கூறாக்கிற்று: மே 6 முதல் நவெம்பர் 7 வரை கிசிர் நாள்கள், 186, நவெம்பர் 8 முதல் மே 5 வரை காசிம் நாள்கள், 179. முன்னது கோடை, பின்னது மாரி. இவ்வெல்லைகள் பழைய கிறித்தவ நாட்காட்டியிற் புனித யோர்ச், புனித தெமெத்திரியு என்போரின் திருநாள்களோடும் ஒன்றுபடுகின்றன. இரு சமயத்தார்க்கும் முற்பட்டது அவ்வெல்லை. கார்த்திகை வைகறையில் எழும் காலம் அறுவடைக்கும், அது வைகறையில் மேற்கே விழும் காலம் உழவுக்கும் உரியதென்றும், அது நாற்பது நாள் மறைந்திருக்கும் என்றும் கிரேக்கப் புலவர் ஹெசியொட் கிறித்துவுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே பாடியுள்ளார். அயன சலனத்தால் அம்மீன்கள் வைகறையில் எழும் நாள் இக்காலத்தில் யூன் மாத முற்பகுதிக்குத் தள்ளிச் சென்றுவிட்டது. திருநாள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் துருக்கிக் கடலோடிகளின் புயற்கணக்கில் 'உல்கெர் பிறப்புப் புயல்' என்பது யூன் முற்பகுதியிலேயே குறிக்கப்படுகின்றது. ஒரே மீன்கூட்டம் ஒரு நாட்காட்டியில் இரு தடம் பதித்துள்ளது: ஒன்று முன்னோர் கண்டது, மற்றது கண்ணாற் காண்பது.

உதுமானியரின் படையெடுப்புக்களும் இப்பருவ எல்லைக்கு உட்பட்டே நடந்தன. 1529ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இஸ்தான்புல்லை விட்டுப் புறப்பட்ட சுலைமானின் சேனை, வீயன்னா நகரை முற்றுகையிட்டு, ஒக்டோபர் நடுவில் முற்றுகையை விட்டுத் திரும்பிற்று. மழையும் உணவுக் குறையும் காரணமாகக் கூறப்படும். காசிம் நாளுக்கு முன் வீடு திரும்பவேண்டும் என்ற படைவீரரின் பழவழக்கத்தையும் அவற்றோடு சேர்த்தெண்ணல் வேண்டும். அரண்மனை மகளிர் பெயரில் இடம் பெறாத உல்கெர், பேரரசின் எல்லையை வரையறுப்பதிற் பங்கு கொண்டது போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. இரண்டாம் அப்துல் ஹமீத் சுல்தான் பொஸ்பரசுக் கரையிலுள்ள யில்டிஸ் மாளிகையிலிருந்து 1909இற் பதவி நீக்கப்படும் வரை ஆண்டார். யில்டிஸ் என்பது 'விண்மீன்' எனப் பொருள்படும் தூய துருக்கியச் சொல். மாளிகையின் பெயர் அரசாங்கத்தையே குறிக்கலாயிற்று. ஆகவே தணிக்கையாளருக்கு அஞ்சிய செய்தித்தாள்கள் விண்மீன் என்ற சொல்லையே அச்சிடத் தயங்கின என்று அக்காலத்தோரின் நினைவுக் குறிப்புக்கள் கூறும்.

1923இல் துருக்கி குடியரசாயிற்று. 1928 நவெம்பரில் அரபு எழுத்து நீக்கப்பட்டு இலத்தீன் எழுத்து வந்தது. இம்மாற்றம் உல்கெர் போன்ற சொற்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது. அரபு எழுத்தில் உகரம், ஒகரம் ஆகியவற்றிற்கும் இதழ் குவிந்த இகர எகரங்களுக்கும் ஒரே எழுத்துத்தான். எழுதிய சொல்லைப் பார்த்து இன்னவாறு ஒலிப்பதென்று துணிய இயலாது. அரபுச் சொற்களுக்கு அவ்வெழுத்துப் பொருந்தும். துருக்கியச் சொற்களுக்குப் பொருந்தாது. புதிய நெடுங்கணக்கில் அந்நான்கு உயிர்க்கும் நான்கு எழுத்து. உல்கெர் முதன்முறையாக, ஒலிக்கும் வண்ணமே எழுதப்பட்டது.

1932 யூலையில் முஸ்தபா கெமாலின் ஆதரவுடன் துருக்கிய மொழிக் கழகம் தோன்றி, அரபு, பாரசீகச் சொற்களை நீக்கி நாட்டுச் சொற்களைத் திரட்டும் பணியை மேற்கொண்டது. காஷ்கரியின் நூலை பெசிம் அத்தலாய் துருக்கி மொழியிற் பெயர்க்க, அக்கழகமே அதனை 1939 முதல் வெளியிட்டது. 1934இற் குடும்பப்பெயர்ச் சட்டம் நிறைவேறிற்று. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெயரைத் தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. யில்டிஸ் இன்று அந்நாட்டின் மிகப் பரவலான குடும்பப்பெயர்களுள் ஒன்று. உல்கெரும் குடும்பப்பெயராயிற்று, 1944இல் இஸ்தான்புல்லிற் சிறிதாகத் தொடங்கிய ஒரு பிஸ்கற்றுத் தொழிலின் பெயராகி, இன்று அந்நாட்டுச் சிறுவர் வானத்தை அறியுமுன் கடையிற் கற்றுக்கொள்ளும் சொல்லாகவும் உள்ளது. பெண்மக்கட்கு உல்கெர், யில்டிஸ் முதலிய பெயர்களை இடுதல் குடியரசுக் காலத்திலேயே பெருவழக்காயிற்று. நாடக மேடையிற் புகழ்பெற்ற யில்டிஸ் கெந்தர் 1928இலும், ஒளிப்படக் கலைஞர் யில்டிஸ் மொரான் 1932இலும் பிறந்தவர்கள். விடிவெள்ளியைக் குறிக்கும் சொல்பான் என்னும் பெயரும் அவ்வாறே. திரைப்பட நடிகை சொல்பான் இல்கான் 1936இற் பிறந்தார். அதே சொல்லைப் புனைபெயராகக் கொண்ட உஸ்பெக்கியக் கவிஞரை 1938இற் சோவியத்து ஆட்சியினர் சுட்டுக் கொன்றனர்.

இப்பெயர்கள் மகளிர்க்கே உரியனவாகியது பிற்கால வழக்கு என்பதையும் நோக்கல் வேண்டும். துருக்கி மொழியிற் பால் பாகுபாடு இல்லை. அவன், அவள், அது என்னும் மூன்றற்கும் ஒரு சொல்லே. ஓகுசுத் துருக்கியரின் குலமுதல்வனாகிய ஓகுசு கானுக்கு ஞாயிறு, திங்கள், விண்மீன், வானம், மலை, கடல் என ஆறு புதல்வர் என்பது பழங்கதை. அவருள் மூன்றாமவன் யில்டிஸ் கான். அவன் வழியினரெனப்படும் அவ்ஷார் குலத்திற் பிறந்தவனே 1739இல் தில்லியைச் சூறையாடிய நாதிர் ஷா. சுரெய்யா என்பதும் இருபாற் பெயர். உதுமானியப் பெரியார் வரலாற்றுத் தொகுதியை எழுதிய மெஹ்மெத் சுரெய்யா (1845–1909) ஆண். துருக்கியின் முதற் பெண் வழக்கறிஞராகிய சுரெய்யா ஆகாவோலு (1903–1989) பெண். தூய துருக்கியப் பெயர்கள் மதிப்புப் பெற்ற பின்னரும் சுரெய்யாவும் பெர்வினும் நாடு கடத்தப்படவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. ஆயிரம் ஆண்டு ஒரு வீட்டில் வாழ்ந்த பெயரை அயற்பெயர் என்று தள்ளுதல் வரலாற்றறிவுக்கு ஒவ்வாது. உல்கெர் திரும்பி வந்தது என்று கூறுவாரும் உளர். அது எங்கும் சென்றிலது. ஆயரிடத்தும் கடலோடிகளிடத்தும் என்றும் வாழ்ந்தது. திரும்பி வந்தது நகரத்தாரின் மதிப்பு மட்டுமே.

ஆயின், தன் பெயரை மீட்ட அரசு பிறர் பெயரை மறுக்கவும் செய்யும். 1972ஆம் ஆண்டுக் குடித்தொகைப் பதிவுச் சட்டம் தேசியப் பண்பாட்டுக்குப் பொருந்தாத பெயர்களைப் பிள்ளைகட்கு இடலாகாது என்றது. இவ்விதி குர்தியரையே பெரிதும் தாக்கிற்று. குர்திய மொழியில் ஸ்தேர்க் என்றால் விண்மீன். பொருளால் அது யில்டிஸ் என்பதற்கு நிகர். இருந்தும் யில்டிஸ் பண்பாட்டுக்குப் பொருந்திற்று. குர்தியப் பெயர்கள் பதிவலுவலரின் ஐயத்துக்கு உள்ளாயின.

அதே காலத்தில் எல்லைக்கு அப்பால், பல்கேரியாவில், துருக்கியரே அந்நிலைக்கு ஆளாயினர். 1984ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிச் சில திங்களுள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் துருக்கிய, இசுலாமியப் பெயர்களை அந்நாட்டரசு வலிந்து மாற்றி, பல்கேரியப் பெயர்களைப் பதிந்தது. பாரந்தூக்கும் வீரர் நயிம் சுலைமானொவ் நௌம் ஷலமானொவ் ஆக்கப்பட்டார். 1986இல் மெல்பேணில் நடந்த போட்டியின்போது அவர் தப்பித் துருக்கியை அடைந்து, 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் நயிம் சுலைமானோலு என்னும் பெயருடன் தங்கப் பதக்கம் பெற்றார். 1989ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கேரியாவை விட்டுத் துருக்கிக்குப் பெயர்ந்தனர். அவர் நீங்கியதற்கு உரிய காரணங்களுள் பெயரிழப்பே முன்னிற்பது. 1990இற் பல்கேரிய அரசு பழைய பெயர்களை மீட்டுக்கொள்ளச் சட்டம் இயற்றிற்று. உல்கெர், சுரெய்யா என்று பெற்றோர் இட்ட பெயர்களை அங்குள்ளோர் மீண்டும் ஏட்டில் எழுதுவிக்க வழி பிறந்தது.

துருக்கியும் 2003இல் தன் சட்டத்தினின்றும் தேசியப் பண்பாடு என்னுஞ் சொற்றொடரை நீக்கிற்று. அதன்பின் குர்தியப் பெயர்கள் பதியப்படுகின்றன. ஆனால் துருக்கிய நெடுங்கணக்கில் இல்லாத எழுத்துக்கள் பதிவிற் சேர்க்கப்படமாட்டா என்னும் தடை நின்றது. அதனை எதிர்த்துச் சென்ற வழக்கில், உரிமை மீறல் இல்லை என்றே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. உல்கெர் என்பதன் முதலுயிருக்கு 1928இல் ஓர் எழுத்து அமைந்தது. ஸ்தேர்க் என்பதன் நெட்டுயிருக்குரிய எழுத்து அந்நெடுங்கணக்கில் இல்லை.